ஆனியில் தேடினால் அகப்படுமா?

மழை விட்ட மறுநாள் காலையில் கொல்லைப்புறத்துக் குப்பைமேட்டில் குடை பிடித்து நிற்குமே காளான், அதன் தூரத்து உறவினர்களுக்காக ஒரு தேசத்தில் கமிட்டிகள் கூடுகின்றன, கணக்கெடுப்பு நடக்கிறது, கோர்ட்டில் வழக்குக்கூட நடந்திருக்கிறது என்றால் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும். இங்கிலாந்திலும் அதை அடுத்துள்ள வேல்ஸிலும் நடக்கிற சங்கதி இது.

"போயும் போயும் காளானுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நம்மில் பலருக்குக் காளான் என்றால் இரண்டே ஜாதிதான். கடையில் பொட்டலம் கட்டி விற்பது ஒன்று, "தொடாதே, விஷம்!" என்று பாட்டி அதட்டுவது மற்றொன்று. நான் சொல்ல வந்தது இந்த இரண்டிலும் சேராத ஒரு தனிக் கூட்டம். ஆகவே முதலில் ஆசாமிகளை அறிமுகம் செய்து வைத்துவிடுகிறேன்.

இவற்றுக்கு ஆங்கிலத்தில் 'வாக்ஸ்கேப்' என்று பெயர். நாம் மெழுகுத் தொப்பி என்று வைத்துக்கொள்ளலாம். தொப்பியின் அடிப்புறத்திலுள்ள மடிப்புகளை விரலால் தொட்டால் மெழுகுவத்தியைத் தொட்ட மாதிரி இருப்பதால் வந்த பெயர். ஆனால் தொடுவதற்கு முன்பே கண்ணைப் பறிப்பது நிறம். காளானுக்கு வெள்ளையும் பழுப்பும் விட்டால் வேறு நிறம் ஏது என்று நினைப்பவர்கள் இவற்றைப் பார்த்தால் திகைத்துப் போவார்கள். குங்குமச் சிவப்பில் ஒன்று, எலுமிச்சை மஞ்சளில் ஒன்று, கனிந்த ஆரஞ்சுப் பழ நிறத்தில் ஒன்று. கிளிப்பச்சையில் ஒன்று உண்டு. அதற்குப் பெயரே கிளி மெழுகுத் தொப்பிதான். எண்ணெயில் முக்கி எடுத்த மாதிரி வழுவழுப்பாக இருக்கும். வயதாக ஆகப் பச்சை வெளிறி மஞ்சளாகிவிடும். இன்னொன்று கூம்பு வடிவத்தில் செக்கச் செவேலென்று இருக்கும். கையால் கசக்கினாலோ, வயதானாலோ கரிக்கட்டையாகக் கறுத்துவிடும். வெள்ளையாக இருக்கும் ஒன்றை முகர்ந்து பார்த்தால் சீவின பென்சில் வாசனை அடிக்கும். தேவதாரு மரத்தின் வாசனை அது.

இந்தக் கூட்டத்துக்கு ராணி யார் என்று கேட்டால், இளஞ்சிவப்பு மெழுகுத் தொப்பியைத்தான் சொல்ல வேண்டும். முளைக்கும்போது மொட்டுப் போலக் கூர்மையாக இருக்கும். பிறகு தொப்பியின் ஓரம் கிழிந்து மேலே தூக்கிக்கொள்ளும். பாலே நடனமாடும் பெண்ணின் பாவாடை சுழன்று எழும்புகிறதல்லவா, அதே மாதிரி. வெள்ளைக்காரர்களும் அதற்கு நாட்டியக்காரி என்றே செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். உலகம் முழுவதற்குமாகத் தயாரிக்கப்படும் அழிந்துவரும் உயிரினங்களின் சிவப்புப் பட்டியலில் இந்த நாட்டியக்காரியின் பெயரும் ஏறியிருக்கிறது.

மெழுகுத் தொப்பிகள் பிரிட்டனில் ஐம்பது வகைக்கு மேல் உண்டு. இவை தனியாகக் குடித்தனம் செய்வதில்லை. கூடவே புல்லுக்கு நடுவில் கறுப்பு நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் மண்நாக்குக் காளான், கடலில் இருக்க வேண்டிய பவழக்கொடி வழி தவறி வந்தாற்போன்ற பவழக் காளான், அடிமடிப்பு இளஞ்சிவப்பாக இருக்கும் வகையறா என்று சம்பந்திகள் எல்லாரும் சேர்ந்தேதான் இருப்பார்கள்.

சரி, இந்த அழகிகள் வாசம் செய்வது எங்கே? அங்கேதான் விசேஷமே. அடர்ந்த காட்டில் அல்ல. செழித்த பண்ணையிலும் அல்ல. ஆடு மேய்ந்து மேய்ந்து ஒட்ட வெட்டியது போலிருக்கும் பழைய மேய்ச்சல் தரையில், மாதா கோயிலைச் சுற்றியுள்ள கல்லறைத் தோட்டத்தில், பழைய ஜமீன் பங்களாவின் புல்தரையில். பரிணாமக் கொள்கையைச் சொன்ன சார்லஸ் டார்வின் கெண்ட் ஜில்லாவில் குடியிருந்த டவுன் ஹவுஸ் என்ற வீட்டின் புல்தரையும் மெழுகுத் தொப்பிகளுக்குப் பெயர் பெற்றது. மண்புழுவைப் பற்றி ஒரு புத்தகமே எழுதிய மனிதர் அவர். அந்தப் புல்தரையிலே உழுவதும் உரம் போடுவதுமாக யாரும் ரகளை செய்யவில்லை.

இந்த இடங்களுக்கெல்லாம் பொதுவான குணம் ஒன்று உண்டு. எல்லாம் தரித்திர பூமி. பத்து வருஷம், நூறு வருஷம், சில இடங்களில் பல நூறு வருஷமாகக் கலப்பை படாதவை. ரசாயன உரம் காணாதவை. மனிதன் கைவைத்துச் சத்து ஏற்றாத மண்தான் இவற்றுக்குச் சொர்க்கம். உரமூட்டையை அவிழ்த்துக் கொட்டினால் புல் ஜோராக வளரும்; காளான் மறைந்துவிடும். மறுபடி அது தலைகாட்டப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். பணக்காரன் வீட்டு விருந்தில் ஏழை உறவினன் காணாமல் போவதைப் போலத்தான் இதுவும்.

உரம் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்பது இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. மற்றக் காளான்களின் ஜீவனம் ஓரளவு தெரியும். சில, மக்கிப்போன கட்டையையும் சருகையும் தின்று வாழ்கின்றன. சில, மரத்தின் வேரோடு சம்பந்தம் செய்துகொண்டு கொடுக்கல் வாங்கல் நடத்துகின்றன. மெழுகுத் தொப்பியின் உடம்பிலுள்ள கரியையும் நைட்ரஜனையும் அளந்து பார்த்த விஞ்ஞானிகள், இது அந்தக் கட்சியிலும் இல்லை, இந்தக் கட்சியிலும் இல்லை என்று கண்டார்கள். பிறகு 2014இல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. வெள்ளை மெழுகுத் தொப்பி ஒன்று, புல்லுக்கு நடுவே முளைக்கும் வாழையிலைப் பூண்டு என்ற சிறு செடியின் உடம்புக்குள்ளேயே குடியிருப்பதாக அதில் தெரியவந்தது. ஆக, புல்லோடும் பூண்டோடும் ஏதோ ரகசிய உறவு இருக்கிறது. சோதனைச் சாலையில் வளர்க்கலாமென்றால் பிடிவாதமாக முளைக்க மறுக்கிறது. இங்கே அழித்துவிட்டு அங்கே நட்டுக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

இப்படிப்பட்ட தரித்திர பூமி ஒரு காலத்தில் பிரிட்டனில் எங்கு பார்த்தாலும் கிடந்தது. யுத்த மேகம் சூழ்ந்த 1939இல், பழைய புல்வெளியை உழுது பயிரிடும் விவசாயிக்கு ஏக்கருக்கு 2 பவுன் தருவதாகச் சர்க்கார் அறிவித்தது. கப்பலில் வரும் தானியத்தை நம்பி ஒரு தீவு யுத்தம் செய்ய முடியுமா? அன்றைக்கு அது நியாயமாகத்தான் இருந்தது. யுத்தம் முடிந்த பிறகும் உழவு நிற்கவில்லை. உரம் மலிந்தது, டிராக்டர் வந்தது. 1930களுக்கும் 1984க்கும் இடையில் இங்கிலாந்து, வேல்ஸ் சமவெளிகளில் இருந்த இயற்கைப் புல்வெளியில் நூற்றுக்கு 97 பங்கு போய்விட்டது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மிச்சம் மூன்றே பங்கு! அதுவும் இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சமாகச் சிதறிக் கிடப்பது.

மிஞ்சியதைக் காப்பாற்றச் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1949இல் ஒரு சட்டம் வந்தது. விஞ்ஞான முறையில் விசேஷ முக்கியத்துவம் உள்ள இடங்களைத் தேர்ந்தெடுத்து ஒரு தேசப் பட்டியலில் சேர்க்க அது வழி செய்தது. அதில் இடம் பெற்ற நிலத்துக்குச் சட்டத்தின் பலம் உண்டு. சொந்தக்காரரே ஆனாலும் இஷ்டப்படி உழ முடியாது. லெஸ்டர்ஷையர் ஜில்லாவில் ரோகிளிஃப் மேனர் என்ற பழைய பங்களாவின் புல்தரை, மெழுகுத் தொப்பிகளுக்காகவே அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கிறது. வீட்டு வாசல் புல்தரைக்கு ராஜாங்க அந்தஸ்து! அபூர்வமான காளான் இனங்களைப் பறிக்கக் கூடாது என்றும் 1981ஆம் வருஷச் சட்டத்தின் அட்டவணை ஒன்று சொல்கிறது. ஆனால் அந்த அட்டவணையில் மெழுகுத் தொப்பி ஒன்றுகூட இல்லை.

தேசப் பட்டியலில் இடம் கிடைப்பது எளிதல்ல. ஒரு புல்வெளியில் 19 வகை மெழுகுத் தொப்பி இருந்தால்தான் பரிசீலனைக்கே எடுத்துக்கொள்வார்கள். பதினெட்டு இருந்தால்? பன்னிரண்டு இருந்தால்? பெரிய ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்காதவன் உள்ளூர் டாக்டரிடம்தானே போக வேண்டும்! அந்த உள்ளூர் டாக்டர்தான் இந்தக் கட்டுரையின் கதாநாயகர்.

ஒவ்வொரு ஜில்லாவிலும் 'உள்ளூர் வனஜீவித் தலங்கள்' என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். ஜில்லாவுக்கு ஜில்லா பெயர் சற்று மாறும், விஷயம் ஒன்றுதான். இங்கிலாந்தில் மட்டும் 40,000க்கு மேற்பட்ட தலங்கள் இப்படிப் பதிவாகியிருக்கின்றன. இதைத் தயாரிப்பது லண்டனில் இருக்கும் சர்க்கார் அல்ல. உள்ளூர்க் கவுன்சில் உத்தியோகஸ்தர், இயற்கைச் சங்கத்துக்காரர், தாவர சாஸ்திரம் தெரிந்தவர், வண்ணத்துப்பூச்சிப் பைத்தியம் பிடித்த ஒரு பெரியவர் என்று பல பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஒவ்வொரு நிலத்தின் ஜாதகத்தையும் புரட்டிப் பார்த்து, "இது தேறும், இது தேறாது" என்று முடிவு செய்வார்கள். தேறுவதற்கு என்னென்ன இருக்க வேண்டும் என்று ஜில்லாவுக்கு ஒரு விதிப் புத்தகம் உண்டு.

இந்தப் பட்டியலுக்குச் சட்டபலம் கிடையாது. சொந்தக்காரர் மனம் வைத்து ஒரு நாள் உழுதுவிட்டால் போலீஸ் வராது. பட்டியலில் சேர்ந்துவிட்டதால் ஊரார் உள்ளே புகுந்து உலாவும் உரிமையும் வந்துவிடாது. பின்னே எதற்கு இது? யாராவது அந்த இடத்தில் வீடு கட்டவோ ரஸ்தா போடவோ அனுமதி கேட்டு மனுச் செய்யும்போதுதான் இதன் மகிமை தெரியும். மனுவைப் பரிசீலிக்கும் அதிகாரி, பட்டியலில் உள்ள இடத்தை அலட்சியம் செய்துவிட்டு உத்தரவு போட முடியாது. அந்த இடத்தைத் தவிர்க்க வழியுண்டா என்று கேட்க வேண்டும். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் அதையே காரணம் காட்டி மனுவை நிராகரிக்கலாம். பட்டியலில் இல்லாத இடமென்றால் இந்தக் கேள்வி எழுப்ப நாதியில்லை.

ஆக, பெரிய பட்டியலில் இடம் பெறாத காளான் தரைக்குச் சிறிய பட்டியல்தான் கதி. சேர்த்துவிட வேண்டியதுதானே என்கிறீர்களா? இங்கேதான் முடிச்சு விழுகிறது.

விதிப் புத்தகங்களை எழுதியவர்கள் பெரும்பாலும் தாவரப் பிரியர்கள். ஒரு புல்வெளி நல்லதா கெட்டதா என்பதற்கு அவர்கள் வைத்த பரீட்சை, அதில் எத்தனை விதமான பூக்கள் பூக்கின்றன என்பது. நியாயமான பரீட்சைதான். பூக்கள் நிறைந்த வெளியில் வண்டும் தேனீயும் நிறைந்திருக்கும். ஆகவே கணக்கெடுப்பவர்கள் நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஜூன் மாதம், நம் கணக்கில் ஆனி மாதம், புறப்படுவார்கள். அந்த நாட்டில் பூ பூத்துக் குலுங்குகிற காலம் அது.

மெழுகுத் தொப்பிகளோ ஐப்பசி, கார்த்திகையில் வருகிறவை! கோடை போய், மழை பெய்து, குளிர் தட்டிய பிறகு அக்டோபரிலும் நவம்பரிலும்தான் மண்ணுக்கு மேலே தலை நீட்டும். மற்றப் பத்து மாதமும் மண்ணுக்குள்ளே நூலிழையாகப் படர்ந்து கிடக்கும். நூலிழைதான் காளானின் உடம்பு. நாம் பார்க்கிற குடை அதன் பழம். மாமரத்தை மார்கழியில் பார்த்துவிட்டு "இதில் பழமே இல்லை, வெட்டிவிடலாம்" என்று சொல்கிறவனை நாம் என்ன சொல்வோம்?

அதோடு, காளான் செழித்த தரை ஆனி மாதத்தில் பார்க்க லட்சணமாகவும் இருப்பதில்லை. ஆடு கடித்த குட்டைப் புல். காலுக்கு மெத்தென்று பாசி. நாலைந்து சாமானியப் பூண்டுகள். அவ்வளவுதான். சம்பாஷணை எப்படி நடக்கும் என்று கற்பனை செய்து பார்க்கிறேன்:

"என்ன சார், அந்த மேட்டுப் புல்வெளியில் என்ன இருந்தது?"

"புல் இருந்தது, ஐயா."

"பூ?"

"ஒன்றும் சொல்லிக்கொள்கிறாற்போல் இல்லை. பாசிதான் நிறைய."

"சரி, அடித்துவிடுங்கள். அடுத்தது?"

இரண்டு பேர் மேலும் தப்பில்லை. விதிப்படிதான் நடந்தார்கள். விதியில்தான் ஐப்பசி மாதம் விட்டுப்போயிருக்கிறது. ஒரு சின்ன மண்ணுலகமே ஒரு கோடு கிழித்ததில் காரியத்திலிருந்து விலகிவிட்டது.

இந்தக் குறையைச் சரி செய்ய வழி காட்டியவர் டென்மார்க்கைச் சேர்ந்த எரிக் ரால்டு. ரொம்ப எளிய யோசனை. காளானை எண்ணுங்கள் என்றார் அவர். 1985இல் ஓர் அளவுகோலையும் கொடுத்தார். ஒரு புல்வெளியில் 17 வகையோ அதற்கு மேலோ மெழுகுத் தொப்பி இருந்தால் அது தேசத்துக்கே முக்கியம். 9 முதல் 16 வரை இருந்தால் பிராந்தியத்துக்கு முக்கியம். 4 முதல் 8 வரை இருந்தால் உள்ளூருக்கு முக்கியம். காளான் ஒவ்வொரு வருஷமும் ஒரே மாதிரி முளைப்பதில்லை. வறட்சியான வருஷத்தில் ஒன்றுமே வராது. ஆகவே ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்தால் என்ன கணக்கு, பல தடவை போனால் என்ன கணக்கு என்றும் பிரித்து வைத்தார். பிரிட்டிஷ்காரர்கள் இந்த அளவுகோலை வாங்கி, தங்கள் ஊருக்குத் தக்கபடி வெட்டி ஒட்டிக்கொண்டார்கள். பிற்பாடு மெழுகுத் தொப்பியை மட்டும் எண்ணினால் போதாது, மண்நாக்கு, பவழம் முதலிய சம்பந்திகளையும் தனித்தனியே எண்ண வேண்டும் என்று ஏற்பட்டது. சில ஜில்லாக்களின் விதிப் புத்தகத்தில் இதற்கென்று தனி அத்தியாயமே வந்துவிட்டது. எல்லா ஜில்லாக்களிலும் வரவில்லை.

எண்ணுவதற்கு ஆள் வேண்டுமே? 1990களின் பிற்பாதியில் பிரிட்டிஷ் காளான் ஆராய்ச்சிச் சங்கம் மெழுகுத் தொப்பித் தரைகளைத் தேட ஆரம்பித்தது. 1896இல் ஏற்பட்ட பழைய சங்கம் அது. ஊர் ஊராக இருக்கும் காளான் கோஷ்டிகளும் சேர்ந்துகொண்டன. ரிடையரான வாத்தியார்கள், தபாலாபீஸ் குமாஸ்தாக்கள், குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரும் தாய்மார்கள் போன்ற சாதாரண ஜனங்கள் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஈரப் புல்லில் குனிந்த தலை நிமிராமல் நடக்கிற கோஷ்டிகள் இவை. இப்படித் தேடியதில்தான், அபூர்வம் என்று எண்ணியிருந்த சில வகைகள் அங்கங்கே கிடைத்தன. மெழுகுத் தொப்பித் தரைகள் விஷயத்தில் பிரிட்டன் உலகத்திலேயே முக்கியமான தேசங்களில் ஒன்று என்பதும் தெரியவந்தது. வீட்டிலேயே புதையல் இருந்தும் தெரியாமல் இருந்திருக்கிறார்கள்!

சரியான மாதத்தில் ஒருவர் போய்ப் பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேல்ஸின் தலைநகரமான கார்டிஃபில் ஒரு கதை இருக்கிறது. நகரத்தின் வடக்கே லிஸ்வேன், லானிஷென் என்று இரண்டு ஏரிகள். குடிதண்ணீருக்காக வெட்டியவை, முதலாவது 1865லும் இரண்டாவது 1886லும் முடிந்தன. சுற்றிலும் பெரிய மண்கரை. மண்கரையில் மரம் முளைத்தால் வேர் துளைக்கும். புல் உயரமாக வளர்ந்தால் கசிவு கண்ணுக்குத் தெரியாது. ஆகையால் நூறு வருஷத்துக்கு மேலாகப் புல்லை ஒட்ட வெட்டி வைத்தார்கள். குடிதண்ணீர்க் கரையில் உரம் போடுவார் உண்டா? காளானை நினைத்து யாரும் ஒரு துரும்பைக்கூட அசைக்கவில்லை. ஆனால் காளானுக்கு வேண்டிய சகலமும் அங்கே தன்னால் அமைந்துவிட்டது.

பிற்பாடு ஏரி ஒரு மின்சாரக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. கம்பெனியார் லானிஷென் ஏரியில் வீடுகள் கட்டத் திட்டம் போட்டார்கள். அக்கம்பக்கத்து ஜனங்கள் எதிர்த்தார்கள். இதற்கிடையில் கரையிலே மெழுகுத் தொப்பிகள் வகைவகையாக இருப்பதைப் பார்த்தவர்கள் சொல்ல, 2005இல் இரண்டு ஏரிக் கரைகளும் தேசப் பட்டியலில் ஏறின. கம்பெனியார் விடுவார்களா? கோர்ட்டுக்குப் போனார்கள். 2007இல் தீர்ப்பு வந்தது. கரைகளின் அந்தஸ்து அசையவில்லை. 2010இல் ஏரியில் இருந்த தண்ணீரை வடித்துவிட்டார்கள். ஜனங்கள் விடாமல் போராடினார்கள். முடிவில் வீடுகள் வரவில்லை. ஏரியை மறுபடி நிரப்பி, 2023இல் பொதுஜனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். கரைப் புல்லில் காளான்கள் இன்னும் பத்திரமாக இருக்கின்றன.

இந்தக் கதையைச் சொன்னால் எல்லாருக்கும் உற்சாகம் வந்துவிடும். எனக்கும் வந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். லானிஷென் ஒரு நகரத்தின் நடுவே, ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் பக்கத்தில் இருந்தது. போராட ஜனங்கள் இருந்தார்கள். பெரிய பட்டியலுக்குத் தேவையான எண்ணிக்கையும் இருந்தது. எங்கேயோ ஒரு மலைச் சரிவில் எட்டு வகைக் காளானோடு இருக்கும் மூன்று ஏக்கர் மேய்ச்சல் தரைக்கு யார் இருக்கிறார்கள்? அதற்காகத்தான் ஊர்ப் பட்டியல் வேண்டும் என்கிறேன்.

இன்றைக்கு வேறு இரண்டு ஆபத்துகள் வந்திருக்கின்றன. இரண்டுமே நல்ல எண்ணத்தோடு வந்தவை என்பதுதான் வேடிக்கை.

ஒன்று, மரம் நடுவது. பூமி சூடாகிறது, மரம் நடுங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எங்கே நடுவது? நல்ல வயலில் நட யாருக்கு மனம் வரும்? "சும்மா கிடக்கிற" புல்தரையில்தான் நடுவார்கள். மரநிழல் விழுந்து, ஆடு மேய்வது நின்றால் மெழுகுத் தொப்பிக்கு வாழ்வு இல்லை. நீலகிரிப் புல்வெளிகளை வெறுந்தரை என்று நினைத்துச் சீகையும் யூகலிப்டஸும் நட்டு, இப்போது அவற்றைப் பிடுங்கப் பாடுபடும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, கணக்கு. இங்கிலாந்தில் 2024 பிப்ரவரி முதல் ஒரு விதி அமலுக்கு வந்திருக்கிறது. பெரிய கட்டடம் கட்டுகிறவர், அந்த இடத்தில் முன்பிருந்த இயற்கைச் செல்வத்துக்கு மார்க்குப் போட்டு, கட்டி முடித்த பிறகு அதைவிட நூற்றுக்குப் பத்துப் பங்கு கூடுதலாக எங்காவது உண்டாக்கிக் காட்ட வேண்டும். பேஷான விதி. ஆனால் புல்தரைக்கு மார்க்குப் போடும் விதத்தைப் பார்த்தீர்களானால், ஒரு சதுர மீட்டரில் எத்தனை விதமான செடிகள் இருக்கின்றன என்று எண்ணுகிறார்கள். காளானுக்கு அதில் மார்க்கு இல்லை. பாசி படர்ந்த காளான் தரைக்கு மிகக் குறைந்த மார்க்கு விழும். அதை அழித்துவிட்டு வேறிடத்தில் பூச்செடி விதை தூவினால் கணக்குப் புத்தகம் லாபம் காட்டும்! வேறிடத்தில் காளான் விதை தூவ முடியாது என்று முன்பே சொன்னேன் அல்லவா? கணக்குப் புத்தகத்துக்கு அது தெரியாது. ஊர்ப் பட்டியலில் அந்த இடம் முன்கூட்டியே காளானுக்காக ஏறியிருந்தால் மட்டும், மார்க்கைப் பார்ப்பதற்கு முன் அதிகாரியின் பேனா ஒரு நிமிஷம் நின்று யோசிக்கும்.

விவசாயிகளின் கட்சியையும் சொல்லிவிட வேண்டும். நிலம் பட்டியலில் ஏறுகிறது என்றால் அவர்களில் பலருக்கு வயிற்றைக் கலக்குகிறது. "நாளைக்கு நிலம் விலை போகுமா? இதைச் செய்யாதே, அதைச் செய்யாதே என்று உத்தரவு வருமா?" என்ற கவலை. வீண் கவலை என்று தள்ளிவிட முடியாது. அதே சமயம், அந்தக் காளான்கள் இத்தனை நாள் பிழைத்திருப்பது யாராலே? பக்கத்து நிலத்துக்காரர்கள் எல்லாம் உரம் கொட்டிப் பணம் பார்த்தபோது, கையில் காசில்லாமலோ, சரிவில் டிராக்டர் ஏறாமலோ, "எங்கப்பா வைத்திருந்த மாதிரியே இருக்கட்டும்" என்ற பிடிவாதத்தாலோ, ஆட்டை மட்டும் விட்டு மேய்த்த மனிதராலேதான். அவரைக் குற்றவாளி மாதிரி நடத்தினால் அவர் அடுத்த வருஷமே உழுதுவிடுவார். கமிட்டிக்காரர் ஒருவர் ஐப்பசியில் அவரையும் கூட அழைத்துக்கொண்டு போய், அவர் நிலத்திலேயே நாட்டியக்காரியைக் காட்டுவது நூறு நோட்டீஸுக்குச் சமானம் என்பது என் அபிப்பிராயம்.

ஐப்பசிக்குக் காத்திருக்க முடியாதவர்களுக்கும் இப்போது ஒரு வழி பிறந்திருக்கிறது. வேல்ஸில் அபெரிஸ்ட்வித் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள், புல்தரையில் அங்கங்கே கொஞ்சம் மண்ணெடுத்து, அதில் எந்தெந்தக் காளானின் டி.என்.ஏ. இருக்கிறது என்று பரிசோதித்துச் சொல்லுகிறார்கள். நூலிழைகள் எந்த மாதத்திலும் மண்ணில் இருப்பதால் ஆனியிலும் ஆள் அகப்பட்டுவிடுகிறார்! ஆனால் இதை எண்ணிக்கையில் எப்படிச் சேர்த்துக்கொள்வது என்று கமிட்டிகள் தலையைச் சொறிகின்றன. கண்ணால் பார்த்த எட்டும், குழாயில் பார்த்த எட்டும் ஒன்றாகுமா? மண்ணுக்குள் இருப்பது எல்லாம் குடை விரிக்க வேண்டுமென்பதில்லையே. பழைய அளவுகோல் குடையை எண்ணுவதற்காகச் செய்தது. புது அளவுகோல் தயாராகும் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் கோஷ்டிக்கு வேலை குறையப்போவதில்லை.

பட்டியலில் ஏறிய பிறகு என்ன செய்ய வேண்டும் என்பது ரொம்பச் சுலபம். உரம் வேண்டாம், சுண்ணாம்பு வேண்டாம், உழவு வேண்டாம். கோடை முழுவதும் ஆட்டை விட்டோ, மெஷினை விட்டோ புல்லைக் குட்டையாக வைத்திருக்க வேண்டும். காளான் குடை விரிக்கத் தொடங்கியதும் மெஷினுக்கு லீவு. முக்கியமாக, வெட்டிய புல்லை அங்கேயே விட்டுவிடக் கூடாது. மக்கினால் அதுவே உரமாகிவிடும். ஒவ்வொரு தடவையும் வாரிக் கூடையில் போட்டுக் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு அப்பால் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும்.